டேலி ஆயிடுச்சு மேம்

இந்த வருஷம் எங்க மூணாம் வருஷ பி.காம் சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) வகுப்புல லேப்டாப் இல்லாத பிள்ளைன்னு யாருமே இல்ல. காரைக்குடியைச் சுத்தி இருக்கிற ஒரு காலேஜ், பேரு வேணாம். 2025 பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் பிள்ளைகளுக்கு லேப்டாப்னு அறிவிச்சாங்கல்ல, அதுல வந்தது. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, புதுசு கைக்கு வந்ததும் சில பேரு அதை வீட்ல பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, அண்ணனோ அக்காவோ ப்ளஸ் டூ படிக்கிறப்ப வாங்குன பழைய கவர்மெண்ட் லேப்டாப்பைத் தூக்கிட்டு வர்றாங்க. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு ஆரம்பிச்ச திட்டத்துல வந்தது அதெல்லாம், மூடியில அம்மா படம் பாதி உரிஞ்சிருக்கும், நாலஞ்சு கீயில எழுத்தே இருக்காது, சார்ஜரைக் கழட்டுனா அந்த நிமிஷமே அணைஞ்சுரும். ஏன்டா புதுசு எங்கன்னு கேட்டா "கீறல் விழுந்துரும்னு எங்கம்மா தரமாட்டேங்குது மேம்"ங்கிறான். அந்தம்மா சொல்றதும் நியாயம்தான், கல்லல்ல இருந்து காலையில வர்ற டவுன் பஸ்ல ஒரு தடவை ஏறிப் பாருங்க.

ஸ்டாஃப் ரூம்ல இதப்பத்தி ரெண்டு கட்சி. இனிமே பிள்ளைங்க எங்கயோ போயிருவாங்கன்னு ஒரு கட்சி, பாடம் நடத்துறப்ப பூரா ரீல்ஸும் கிரிக்கெட்டும்தான் ஓடப்போவுதுன்னு இன்னொரு கட்சி. ரீல்ஸ் ஓடத்தான் செய்யுது, அதை நான் மறுக்கல. ஆனா கணக்குப்பதிவியல் சொல்லிக்குடுக்கிற எனக்கு அது பெரிய தலைவலியே இல்ல. என் தலைவலி வேற. முன்னாடியெல்லாம் பிள்ளைங்க தப்பு பண்ணா அது தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சுரும், இப்ப தெரிய மாட்டேங்குது. அம்புட்டுதான் விஷயம், ஆனா அதுக்காக நான் வகுப்பையே தலைகீழா மாத்த வேண்டியதாப் போச்சு.

காமர்ஸ் படிக்காதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடுறேன். பேப்பர்ல கணக்கு எழுதுன காலத்துல நடந்ததை வரிசையா எழுதுற குறிப்பேடு, அதைத் தலைப்பு வாரியா பிரிக்கிற பேரேடு (லெட்ஜர்) எல்லாம் முடிச்சுட்டு கடைசியில இருப்பாய்வு போடுவோம், அதாங்க ட்ரையல் பேலன்ஸ். பற்றுப் பக்கமும் (டெபிட்) வரவுப் பக்கமும் (கிரெடிட்) ஒரே தொகை வரணும். வராது. முதல் தடவை யாருக்குமே வராது. அப்பத்தான் உண்மையான பாடமே ஆரம்பிக்கும். வித்தியாசம் எவ்வளவு, 270 ரூவாயா, அது ஒம்பதால வகுபடுதா, அப்ப எங்கயோ இலக்கத்தை மாத்தி எழுதியிருக்க, 7,850-ஐ 7,580-ன்னு போட்டிருப்ப, போய்த் தேடு. வித்தியாசம் 2,500-ஆ, பாதி 1,250, அப்ப 1,250-ன்னு ஒரு தொகை எங்கயாவது பக்கம் மாறி உக்காந்திருக்கும், அதைத் தேடு. பிள்ளைங்க பென்சிலால டிக் அடிச்சுக்கிட்டே மேல இருந்து கீழ, கீழ இருந்து மேலன்னு போவாங்க. அப்படித் தேடிப் போறப்ப ஒவ்வொரு பதிவையும் ரெண்டாந்தடவை படிப்பாங்க பாருங்க, அந்த ரெண்டாந்தடவை படிக்கிறப்பத்தான் "ஆமா இது ஏன் பற்றுல வந்துச்சு"ங்கிற கேள்வியே அவங்களுக்கு வரும். நான் போர்டுல எத்தனை தடவை எழுதிப் போட்டாலும் வராத கேள்வி அது.

இப்ப லேப்டாப்ல கணக்கு எழுதுற டேலிங்கிற சாஃப்ட்வேர் இந்தத் தேடலை ஒரே அடியா தூக்கிருச்சு. பெங்களூரு கம்பெனி அது, 1986ல அப்பாவும் பையனுமா ஆரம்பிச்சது, இன்னைக்கு இந்தப் பக்கம் சின்ன ஹார்டுவேர் கடையில கூட அதுதான் ஓடுது, பிள்ளைங்களுக்குச் சோறு போடப்போறதும் அதுதான், அதைக் குறை சொல்ல நான் வரல. ஆனா ஒரு வவுச்சர்ல, அதாவது ஒரு பதிவுல, பற்றும் வரவும் சமமா இல்லன்னா அது சேவ் பண்ணவே விடாது. ஓப்பனிங் பேலன்ஸ்ல வித்தியாசம் இருந்தா மட்டும் பேலன்ஸ் ஷீட்ல தனியா ஒரு வரி காட்டும், மத்தபடி எப்பத் திறந்தாலும் ரெண்டு பக்கமும் சரியா இருக்கும். எப்பவும். பையன் என்னத்தைப் போட்டிருந்தாலும். ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டி "டேலி ஆயிடுச்சு மேம்"பான், முகத்துல அம்புட்டு சந்தோஷம், வேலை முடிஞ்சுருச்சாம்.

ஒரு உதாரணம் சொல்றேன். புதுவயல்ல அரிசி மில்லு நிறைய, வகுப்புல பாதிப் பேரு வீட்ல யாராவது மில்லுல வேலை பாக்குறவங்கதான், அதனால நானே ஒரு கற்பனை மில்லை உருவாக்கி அதுக்குப் பில்லெல்லாம் போட்டுக் குடுத்தேன். அதுல ஒரு பில்லு பாலிஷர் மெஷின் வாங்குனது, 1,80,000 ரூவா. ஒரு பொண்ணு, நல்லாப் படிக்கிற பொண்ணு, அதுக்கு லெட்ஜர் கிரியேட் பண்றப்ப இது சொத்தா செலவான்னு குரூப் கேக்குமில்ல, அதுல இன்டைரக்ட் எக்ஸ்பென்சஸ்னு குடுத்துருச்சு. பில்லுல மேல "மில் மெயின்டனன்ஸ்"னு ஒரு வார்த்தை கிடந்துச்சு, நான் வேணும்னே போட்டதுதான், அதைப் பாத்து செலவுன்னு முடிவு பண்ணிருச்சு. கணக்கு டேலி ஆயிருச்சு. லாபம் 42,000-ன்னு காட்டுது. மெஷின் சொத்துப் பக்கம் போயிருந்தா லாபம் 2,22,000, 15 சதவீதம் தேய்மானம் 27,000 கழிச்சாலும் 1,95,000. எங்க 42,000, எங்க 1,95,000! இந்தக் கணக்கை வச்சுக்கிட்டு அந்த மில்லுக்காரரு பேங்க்ல லோன் கேட்டா மேனேஜரு என்ன சொல்வாரு. சொத்தைச் செலவுன்னு எழுதுற இந்த மாதிரி தப்பு விதிப் பிழைன்னு ப்ளஸ் ஒன் புக்குலயே படிச்ச சமாச்சாரம்தான், இருப்பாய்வு காட்டிக்குடுக்காத பிழைன்னு அஞ்சு மார்க் கேள்விக்கு எல்லாரும் அழகா எழுதியிருப்பாங்க. எழுதுனது வேற, கண்ணு முன்னாடி அது நடக்கிறப்ப பாக்குறது வேற.

இன்னொண்ணு அரிசி மூட்டை. 2022 ஜூலை 18ல இருந்து பேக் பண்ணி லேபிள் ஒட்டுன அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேல போனா கிடையாது. அதனாலதான் கடையில திடீர்னு 26 கிலோ மூட்டைன்னு ஒண்ணு வந்துச்சு, நீங்களும் வாங்கியிருப்பீங்க, ஏன்னு யோசிச்சிருக்க மாட்டீங்க. நான் குடுத்த பில்லுல 26 கிலோ மூட்டை 40, 10 கிலோ பை 60. வகுப்புல முக்காவாசிப் பேரு அரிசின்னு ஒரே ஸ்டாக் ஐட்டம் போட்டு மொத்தத்துக்கும் 5 சதவீதம் போட்டுட்டாங்க. டேலி ஏன்னு கேக்கல, அது எப்படிக் கேக்கும். அப்பா மில்லுல மூட்டை தைக்கிற ஒரு பையன் மட்டும் கை தூக்கி "மேம் 26 கிலோவுக்கு வரி போடக்கூடாது, போட்டா ஓனர் அடிப்பாரு"ன்னான். வகுப்பே சிரிச்சுச்சு. அவன் ரெண்டு செமஸ்டரா அரியர் வச்சிருக்கிற பையன், அன்னைக்கு எல்லாரும் அவன் பெஞ்சைச் சுத்தித்தான் நின்னாங்க.

இதுக்கப்புறம்தான் நான் பாடம் நடத்துற விதத்தையே மாத்துனேன். கணக்கு போடச் சொல்றதைக் குறைச்சுட்டேன், போட்டு முடிச்ச கணக்கைக் கையில குடுக்குறேன். ஒரு கம்பெனியை நானே டேலியில முழுசா போட்டு, அதுக்குள்ள வேணும்னே தப்புகளைப் புதைச்சு வச்சு, பேக்கப் எடுத்து பென் டிரைவ்ல குடுத்துருவேன், கூடவே பில்லுக் கட்டு ஒண்ணு ஜெராக்ஸ். எல்லார் லேப்டாப்லயும் அதை ரீஸ்டோர் பண்ணிக்கிட்டு பில்லையும் ஸ்க்ரீனையும் ஒப்பிட்டுப் பாத்து தப்பைக் கண்டுபிடிக்கணும். எத்தனை தப்புன்னு சொல்ல மாட்டேன். அது ரொம்ப முக்கியம், எண்ணிக்கை சொன்னா அந்த எண்ணிக்கை வந்ததும் மூடி வச்சுட்டுப் போயிருவாங்க.

தப்பைப் புதைக்கிறதுல எனக்கே ஒரு ருசி வந்துருச்சுன்னு வைங்களேன். ஓனரு மக கல்யாணத்துக்குக் குடுத்த பந்தல் அட்வான்ஸ் மில்லு செலவுல ஏறியிருக்கும். தவிடு வித்த காசு பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருக்கும், புக்குல இருக்காது. ஒரே பில்லு ரெண்டு தேதியில ரெண்டு தடவை ஏறியிருக்கும். ஒரு தடவை ஒரு குரூப்பு பிள்ளைங்க நான் புதைக்காத ஒரு தப்பைத் தோண்டி எடுத்துக்கிட்டு வந்தாங்க, பில்லுலயே கூட்டல் தப்பு, ஜெராக்ஸ் எடுத்த பில்லுல கடைக்காரரு போட்ட தொகையே தப்பா இருந்துச்சு. ஒரிஜினல் பில்லைக் குடுத்த கடைக்காரருகிட்ட நான் இன்னும் சொல்லல, சொன்னா அடுத்த தடவை பில்லு தரமாட்டாரு.

பந்தல் அட்வான்ஸ்ல மட்டும் கொஞ்சம் நிக்கிறேன், ஏன்னா இந்த ஊருல அதைச் சொல்லிக்குடுக்கிறது மாதிரி வேற எங்கயும் சொல்லிக்குடுக்க முடியாது. தொழில் வேற, முதலாளி வேற, ரெண்டு கணக்கும் கலக்கக்கூடாதுங்கிறதுதான் எங்க பாடத்தோட முதல் விதி. பிள்ளைங்க கேப்பாங்க, மில்லு அவருது, காசு அவருது, அவரு மக கல்யாணம், இதுல என்ன மேம் தனித்தனின்னு. நான் புக்கை எடுக்க மாட்டேன். நகரத்தார், அதாங்க செட்டிநாட்டுச் செட்டியாருங்க, வீட்டுல என்ன வழக்கம்னு கேப்பேன். மகனுக்குக் கல்யாணம் ஆனா வேறு வச்சுருவாங்க, ஒரே வீடு, ஒரே வளவு, ஆனா அடுப்பு தனி, வருஷத்துக்கு இம்புட்டுன்னு செலவுக்குத் தனிப் பணம், அந்தப் புருஷன் பொண்டாட்டி கோயில் கணக்குல தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அப்பன் மகன் ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே கணக்கை மட்டும் கலக்காம எத்தனை தலைமுறையா ஓட்டியிருக்காங்க. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்னு எங்க பாத்தாலும் தெருத்தெருவா நிக்கிற அந்த வீடுகளைத் தாண்டித்தான் பிள்ளைங்க தினம் வர்றாங்க, பாதிப் பேருக்கு அது கல்யாண ஷூட்டிங் எடுக்கிற இடம், அம்புட்டுதான். இதைச் சொன்னதுக்கப்புறம் பந்தல் அட்வான்ஸை எடுப்புங்கிற, முதலாளி சொந்தச் செலவுக்கு எடுத்த பணத்தைக் காட்டுற, தலைப்புக்கு மாத்தச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியதில்ல.

அதே மாதிரி பெட்டியடிப் பையன். நகரத்தாருங்க பர்மா, மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வச்சுத் தொழில் பண்ண, போன காலத்துல அந்தக் கடையில மேலாள், அடுத்தாள், கடைசியா பெட்டியடிப் பையன்னு இருப்பாங்க. பணப்பெட்டி பக்கத்துல உக்காந்து எடுபிடி வேலை பாத்துக்கிட்டே அடுத்தவரு எழுதுறதைப் பாத்துப் பாத்துக் கணக்கு கத்துக்குவான். நடப்பு வட்டி இந்த மாசம் என்னன்னு ரங்கூன் கோயில்ல கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க, அதை வச்சு வட்டி போடணும், கால்குலேட்டர் எங்க இருக்கு. எங்க வகுப்புல பிளக் பாயிண்ட் பத்தாம சுவரோரமா தரையில வரிசையா சம்மணம் போட்டு லேப்டாப்பை முன்னாடி வச்சுக்கிட்டு பிள்ளைங்க உக்காந்திருக்கிறப்ப, கைப்பெட்டி முன்னாடி உக்காந்த பெட்டியடிப் பையன்க மாதிரியேதான் இருக்கும். அவனுக்கும் இவங்களுக்கும் ஒரு வித்தியாசம், அவன் எழுதுனது தப்புன்னா அன்னைக்கு ராத்திரியே மேலாள் பெட்டியில உள்ள காசை எண்ணிப் பாத்துட்டு காதைத் திருகியிருப்பாரு. இவங்களுக்கு எண்ணிப் பாக்கக் காசு இல்ல. அதுக்குத்தான் பில்லுக்கட்டு.

பிளக் பாயிண்ட்னு சொன்னேன்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூவாயும் குடுத்து, செக்ரி மாதிரி ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953லயே வந்த ஊரு இது. அந்த ஊரு பக்கத்துல எங்க வகுப்பறைக்கு ரெண்டு பிளக் பாயிண்ட், அதுல ஒண்ணு ஃபேன் ரெகுலேட்டருக்குக் கீழ உடைஞ்சு கிடக்கு. லேப்டாப் குடுக்கிறப்ப போட்டோ எடுக்க வர்றவங்க யாரும் சுவரைப் பாக்குறதில்ல. பிள்ளைங்களே காசு போட்டு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கியிருக்காங்க, ஒயரு காலைத் தட்டிவிடும்னு டேப் ஒட்டி வச்சிருக்காங்க. ஃபுல் சார்ஜ் போட்டுக்கிட்டு வான்னு சொல்லலாம், வீட்ல மறந்தவன் மறந்தவன்தான்.

லேப்டாப்ல இன்னொரு குறை, காமர்ஸ்காரங்க தவிர யாரும் பேச மாட்டாங்க. 14 இஞ்ச் லேப்டாப்ல வலது பக்கம் நம்பர் பேட் கிடையாது. டேலி ஆபரேட்டருக்கு நம்பர் பேட்தான் உசுரு, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலைக்குப் போனா மொதல்ல பாக்குறதே பாக்காம நம்பர் அடிக்கிறானாங்கிறதைத்தான். மேல் வரிசையில ஒத்தை விரலால தேடித்தேடி அடிச்சுப் பழகுனவன் அங்க போய் முழிப்பான். யூஎஸ்பி நம்பர் பேட் தனியா விக்குது, ரெண்டு மூணு பேரு சேந்து ஒண்ணு வாங்கிக்கங்கன்னு சொல்லியிருக்கேன். அப்புறம் டேலி எஜுகேஷனல் மோட், லைசென்ஸ் இல்லாம ஓட்டுனா மாசத்தோட முதல் ரெண்டு நாளும் 31ஆம் தேதியும்தான் பதிவு போட விடும். அதனால எங்க மில்லுல யாவாரம் அந்த மூணு நாள் மட்டும்தான் நடக்கும், தீபாவளி பொங்கல் எல்லாம் ஒண்ணாந்தேதியே வந்துரும். பிள்ளைங்களுக்கு இது பழகிருச்சு, ஆனா உண்மையான பில்லைக் கையில குடுத்தா தேதி 17-ன்னு இருக்கும், அதை எங்க போடுறதுன்னு முதல் வாரம் ஒரே களேபரம், பில்லுத் தேதியை நரேஷன்ல, அதாவது பதிவுக்குக் கீழ விவரம் எழுதுற இடத்துல, எழுதுன்னு ஒரு ஏற்பாடு பண்ணி ஓட்டுறோம்.

சரி, ரீல்ஸ் கட்சிக்கு வர்றேன், அவங்களையும் விட்டுறக்கூடாது. 2013ல கனடாவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, வகுப்புல லேப்டாப்ல வேற வேலை பாத்தவங்களுக்கு மார்க் குறைஞ்சுது, அது எதிர்பாத்ததுதான், ஆனா லேப்டாப்பே இல்லாம அந்த ஸ்க்ரீன் கண்ணுல படுற இடத்துல பேப்பர்ல குறிப்பு எடுத்துக்கிட்டு உக்காந்திருந்தவங்களுக்கும் மார்க் குறைஞ்சுது. 2017ல வெளியான இன்னொரு ஆராய்ச்சி, அமெரிக்காவோட ராணுவ அகாடமியில, வெஸ்ட் பாயிண்ட்ல, லேப்டாப் அனுமதிச்ச வகுப்புகளையும் அனுமதிக்காத வகுப்புகளையும் ஒப்பிட்டப்ப அனுமதிச்ச பக்கம் பரீட்சையில பின்தங்கியிருந்தாங்க, ராணுவக் கட்டுப்பாடு உள்ள இடத்துலயே அந்த கதி. பக்கத்துல உள்ளவனைக் கெடுக்குதுங்கிற அந்த முதல் விஷயம் எனக்கு ரொம்ப உதவுச்சு. "உன் மார்க் உன் இஷ்டம்டா, அவ மார்க்கை ஏன் கெடுக்குற"ன்னு சொன்னா பையன்களுக்குக் கொஞ்சம் உறைக்குது. நான் பேசுறப்ப மூடியைப் பாதி இறக்கணும், முழுசா மூடக்கூடாது. முழுசா மூடுனா அந்தப் பழைய மெஷினெல்லாம் தூங்கிப்போயி எழுந்திரிக்கவே பாட்டு ஒண்ணு முடியிற நேரம் ஆகும். பாதி மூடி. நானும் பத்து நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து பேசுறதில்ல. பேச்சு முடிஞ்சதும் வகுப்புக்குப் பின்னாடி போய் நின்னுக்குவேன், அங்க இருந்து பாத்தா எல்லா ஸ்க்ரீனும் தெரியும், யாரு எந்த பில்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறான்னு சொல்லாமலே தெரியும். திருடனைப் புடிக்க இல்ல, அது ஒரு சவுகரியம், பேப்பர் காலத்துல ஒவ்வொரு நோட்டா குனிஞ்சு பாக்கணும்.

ஏஐ பத்திக் கேப்பீங்க. புக்குல உள்ள கேள்வியை அப்படியே போட்டா குறிப்பேட்டுப் பதிவைச் சரியாவே குடுத்துருது, அதை நோட்டுல எழுதிட்டு வர்றாங்க, நான் சண்டை போடுறதில்ல. பில்லுக்கட்டுக்கும் போட்டோ எடுத்துப் போட்டுப் பாத்தானுங்க, பாலிஷரை அது சொத்துன்னு சரியா சொல்லிருச்சு, என் "மெயின்டனன்ஸ்" பொறியில அது விழல. ஆனா கூட்டல் தப்பு இருந்த பில்லுல தப்பான மொத்தத்தையே எடுத்துக்கிச்சு. இதுல எது எப்ப சரியா வரும்னு எனக்கு ஒரு தீர்ப்பும் இல்ல, அது சொன்னதையும் பில்லோட ஒப்பிட்டுப் பாருன்னு அதையும் பயிற்சியிலயே சேத்துட்டேன்.

கையால எழுதுறதுதான் மூளைக்கு நல்லதுன்னு ஒரு ஆராய்ச்சியை 2014ல இருந்து எல்லாரும் மேற்கோள் காட்டுறாங்க, டைப் பண்றவங்க சொன்னதைச் சொன்னபடி அடிச்சுட்டுப் போறாங்க, கையால எழுதுறவங்க யோசிச்சுச் சுருக்குறாங்கன்னு. பின்னாடி அதே சோதனையைத் திரும்பப் பண்ணவங்களுக்கு அம்புட்டு அடிச்சுச் சொல்ற மாதிரி முடிவு வரல. எனக்கு அந்தச் சண்டையில ஆர்வமில்ல, ஏன்னா எங்க ஊருல கையால எழுதுறதுங்கிறது வேற ரகம். டேலி பிராக்டிகலுக்கு ரெக்கார்டு நோட்டு உண்டு. அதுல என்ன எழுதணும்னா, லேப்டாப்ல எந்த பட்டனை எந்த வரிசையில அழுத்துனோம்ங்கிறதை. "கேட்வே ஆஃப் டேலிக்குச் செல்லவும். எஃப்5 அழுத்தவும். தேதியை உள்ளிடவும்." ஒவ்வொரு பயிற்சிக்கும் இதே வரிகள், நீல மை தலைப்பு, கருப்பு மை விடை, ஓரத்துல பென்சில் கோடு, வலது பக்கம் பிரிண்ட் அவுட் ஒட்டி அதுல நான் கையெழுத்து போடணும். எல்லார்கிட்டயும் லேப்டாப் இருக்கு, ரெக்கார்டு கையாலதான், விதி அப்படி. மில்லுல கண்டுபிடிச்ச தப்புகளை எழுதுறதுக்கு அதுல இடமே கிடையாது, நோட்டோட படிவம் அதுக்கு இல்லையாம். கேட்டுப் பாத்துட்டேன், அடுத்த போர்டு மீட்டிங்ல வைக்கலாம்னாங்க. அதுவரைக்கும் பிள்ளைங்க கண்டுபிடிச்ச தப்புகளை ரெக்கார்டோட கடைசி வெள்ளைப் பக்கங்கள்ல எழுத வச்சிருக்கேன், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பெரும்பாலும் முதல் நாலு பக்கம் புரட்டிட்டு சீல் குத்திருவாரு. போன தடவை வந்தவரு மட்டும் கடைசி வரைக்கும் போயி, 26 கிலோ மூட்டையைப் படிச்சுட்டு, "இது யாரு எழுதுனது, கூப்பிடுங்க"ன்னாரு. அந்த அரியர் பையன் பயந்துக்கிட்டே போனான், அவரு அவன்கிட்ட அரிசி விலையைப் பத்தி அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாரு, மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் வைவா லேட்டு.